முதல் நாளே வழக்குச் செலவைப் பேசிய அலுவலகம்: ஒரு திவால் மனுவில் நாங்கள் பெற்ற சட்டச் சேவை

கோவை குறிச்சி சிட்கோவில் என் அண்ணனும் நானும் பம்ப் செட்டுகளுக்கான வார்ப்பிரும்புப் பாகங்களைச் செய்து கொடுக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை நடத்திவருகிறோம். சென்னைப் புறநகரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு 2022 ஜூன் முதல் 2023 மார்ச் வரை அனுப்பிய சரக்குக்கு 17 பில்கள் நிலுவையாக நின்றன. மொத்த அசல் ரூ.1,12,40,000. அந்தப் பணத்துக்காகச் சென்னை தம்புச் செட்டித் தெருவில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் வழியாகத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்தோம். அது முழு விசாரணைக்கு வரும் முன்பே சமரசத்தில் முடிந்தது. அந்த அலுவலகத்தின் சேவை எப்படி இருந்தது என்பதே இந்த மதிப்புரை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடுப்பதால், என் பாராட்டு அவர்களுக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்று பெயரைத் தவிர்க்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும், இத்தகைய வேலைக்கு எந்த அலுவலகத்தை நாடினாலும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்பது இதிலிருந்து தெரியும்.

என் மதிப்பீட்டின் மையம் ஒன்றுதான். இப்படிப்பட்ட வழக்குகளில் அசல் எவ்வளவு என்பதில் பெரிய சண்டை வருவதில்லை, ஏனென்றால் அது பில்லிலேயே இருக்கிறது. வழக்கு நடத்த ஆன செலவை யார் ஏற்பது என்ற கேள்விதான் கடைசி நாளில் தலைதூக்குகிறது. கட்சிக்காரர் அதற்குள் களைத்துப்போயிருப்பார், அசல் கிடைத்தால் போதும் என்ற மனநிலைக்கு வந்திருப்பார், செலவைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆகவே அந்தக் கேள்விக்கான பதிலை வழக்கின் முதல் நாளிலிருந்தே கடிதம் கடிதமாக, ரசீது ரசீதாகத் தயார்செய்து வைக்கிற அலுவலகமே நல்ல அலுவலகம் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இவர்களுக்கு முன் எங்கள் ஊரிலேயே வேறோர் அலுவலகத்திடம் போயிருந்தோம். அங்கே முதல் சந்திப்பிலேயே அசல், வட்டி, செலவு மூன்றையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று சொல்லி ரூ.60,000 முன்பணம் பெற்றுக்கொண்டார்கள். ஒன்பது மாதத்தில் அவர்கள் செய்தது சாதாரண வக்கீல் நோட்டீஸ் ஒன்றை அனுப்பியது மட்டும். நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 8ஆம் பிரிவு கேட்பது அதற்கென வகுக்கப்பட்ட படிவத்தில் அமைந்த கோரிக்கை அறிவிப்பை. அந்த அறிவிப்பு கிடைத்த 10 நாட்களுக்குள் எதிர்த்தரப்பு பணத்தைத் தர வேண்டும், அல்லது ஏற்கெனவே தகராறு இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால்தான், அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்கக் கோரி 9ஆம் பிரிவில் மனுப் போட வழி திறக்கும். படிவமே தவறாக இருந்ததால் ஒன்பது மாதமும் வீணானது. கொடுத்த முன்பணத்துக்கு எந்த வேலைக்கு எவ்வளவு என்ற விவரமுள்ள ரசீது கிடைக்காததால், பின்னால் செலவுக் கணக்கு எழுதியபோது அந்த அறுபதாயிரத்தை அதில் ஒரு வரியாகக்கூடச் சேர்க்க முடியவில்லை. ரசீது இல்லாத செலவு செலவே அல்ல என்பதை அங்குதான் கற்றுக்கொண்டேன்.

தம்புச் செட்டித் தெரு அலுவலகத்தில் முதல் சந்திப்பு 2024 ஜனவரியில் நடந்தது. மூத்த வழக்கறிஞராக இருந்த அம்மையார் எங்கள் கோப்பைப் பிரிக்கும் முன்பே, இந்தச் சட்டத்தின் கீழ் மனுச் செய்வதுதான் சரியா என்று பேசத் தொடங்கினார். அந்த ஒரு மணி நேரப் பேச்சு எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. தீர்ப்பாயத்தில் எங்களைப் போன்ற செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர், அதாவது சரக்கோ சேவையோ கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர், கட்ட வேண்டிய கட்டணம் ரூ.2,000 மட்டுமே. உரிமையியல் நீதிமன்றத்தில் இதே தொகைக்கு வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் 3 சதவீத நீதிமன்றக் கட்டணமாக ரூ.3,37,200 கட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலரும் தீர்ப்பாயத்துக்கு ஓடிவருகிறார்கள் என்று சொன்னவர், அதோடு நிற்காமல் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் காட்டினார். நீதிமன்றத்தில் போட்ட வழக்கு சமரசமானால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பி வரும். நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பாமல் தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அந்த உரிமை உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றமே மேல்முறையீடு செய்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சமரசம் நிச்சயம் என்று தெரிந்த வழக்கில், இரண்டாயிரத்துக்கும் மூன்றரை லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் முதலில் தோன்றுகிற அளவுக்குப் பெரியது அல்ல. மனுப் போட்டால் தனக்குக் கட்டணம் வரும் என்ற நிலையில் இருக்கிற ஒருவர், மனுவே வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் இந்தத் தகவலைத் தாமாக முன்வந்து சொன்னது, அவர் மீது எனக்கு மதிப்பு உண்டாக முதல் காரணம்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களின் நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்கும் போகலாமே என்று நாங்கள் கேட்டோம். அங்கே செலவு மிகக் குறைவு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டியும் தருகிறது. ஆனால் இத்தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவை நாங்கள் தாமதமாகச் செய்திருந்தோம். சரக்கு அனுப்பிய பிறகு செய்த பதிவு முந்தைய பில்களுக்கு உதவாது என்று அப்போதிருந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சொன்னதால் அந்த வழி எங்களுக்கு அடைபட்டது. கடன் தொகை 2020 மார்ச் 24 முதல் நடைமுறையில் உள்ள ஒரு கோடி ரூபாய் வரம்பைத் தாண்டியிருந்தது. எதிர்த்தரப்பு நிறுவனம் மற்ற சப்ளையர்களுக்கும் பணம் நிறுத்திவைத்திருந்தது வெளியில் தெரிந்த செய்தியாக இருந்தது. ஆகவே இறுதியில் 9ஆம் பிரிவே தேர்வானது. தீர்ப்பாயம் கடன் வசூல் செய்யும் இடம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த எச்சரிக்கை மனுவின் ஒவ்வொரு பத்தியிலும் நினைவில் இருக்க வேண்டும், வெறும் மிரட்டலாக மனுச் செய்தவர் என்ற தோற்றம் வந்துவிட்டால் செலவைக் கேட்கும் வாயே அடைத்துப்போகும் என்றார்.

அவர்களுடைய கட்டண முறை கட்டம் கட்டமாக அமைந்தது. கோரிக்கை அறிவிப்புக்கு ரூ.25,000, மனு தயாரித்துத் தாக்கல் செய்ய ரூ.1,25,000, ஒவ்வொரு விசாரணை நாளுக்கும் ரூ.15,000. வெற்றி பெற்றால் இத்தனை சதவீதம் என்ற பேச்சே கிடையாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவது வழக்கறிஞர்களுக்குத் தடைசெய்யப்பட்டது என்பதை அவரே சொன்னார். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி பில் வந்தது, என்ன வேலை, எந்தத் தேதி என்ற விவரத்தோடு. வழக்கறிஞர் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாங்களே 18 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. இதைப் பற்றிய ஒரு சிறு நிகழ்வைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வழக்கில் ஆபத்தான இடம் ஒன்று இருந்தது. 2022 ஆகஸ்டில் அனுப்பிய ஒரு லாட்டில் 42 வார்ப்புகளில் புளோ ஹோல் (வார்ப்பில் காற்று தங்கி விழும் ஓட்டை) இருப்பதாக எதிர்த்தரப்பு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. நாங்கள் பில் தொகையில் ரூ.1,26,000ஐக் கழித்துக் கிரெடிட் நோட் கொடுத்தோம், அடுத்த மாதமே அவர்கள் அதை ஏற்றுப் பதில் எழுதினார்கள். விவகாரம் அதோடு தீர்ந்தது. முந்தைய அலுவலகம் இதை மனுவில் சொல்லத் தேவையில்லை என்றிருந்தது. இங்கே அதற்கு நேர்மாறான கருத்து. ஏற்கெனவே தகராறு இருந்ததைத் தெரிந்தே மறைக்கும் செயல்பாட்டுக் கடன்காரருக்கு 76ஆம் பிரிவு ஓர் ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. தீய நோக்கத்தோடு நடவடிக்கை தொடங்குபவருக்கு 65ஆம் பிரிவின் கீழும் ஒரு லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம் உண்டு. 2017இல் மோபிலாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, அறிவிப்புக்கு முன்பே உண்மையான தகராறு இருந்தால் மனு தள்ளுபடியாகும், அந்தத் தகராறில் யார் ஜெயிப்பார் என்று தீர்ப்பாயம் ஆராய்ந்துகொண்டிருக்காது. ஆகவே மின்னஞ்சல், கிரெடிட் நோட், ஏற்புப் பதில் மூன்றையும் தேதி வாரியாக மனுவிலேயே வைத்து, இது முடிந்துபோன விஷயம் என்று காட்டினார்கள். எதிர்பார்த்தபடியே எதிர்த்தரப்பு, கோரிக்கை அறிவிப்பு கிடைத்த எட்டாவது நாளில் அந்த 42 வார்ப்புகளைப் பிடித்துக்கொண்டு பதில் அனுப்பியது. நாங்கள் மறைத்திருந்தால் மனுவும் போயிருக்கும், அவர்களுடைய செலவையும் நாங்களே கட்ட வேண்டி வந்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் அந்த அலுவலகத்தின் கைத்திறனை நெருங்கிப் பார்த்தேன். எதிர்த்தரப்பின் பதில் வந்த மறுவாரமே, 2024 பிப்ரவரியில், ஒரு பக்கத்தில் அடங்கும் கடிதம் ஒன்றை அனுப்பினார்கள். மார்ச் 15க்குள் அசல் முழுவதையும், அதுவரை ஆன அறிவிப்புச் செலவு ரூ.25,000ஐயும் செலுத்தினால் மனுத் தாக்கல் செய்ய மாட்டோம், வட்டியைக் கேட்க மாட்டோம். அந்தத் தேதிக்குப் பிறகு ஆகும் ஒவ்வொரு ரூபாய்ச் செலவும் உங்கள் மறுப்பால் நேர்வது, செலவு பற்றிய கேள்வி எழும்போது இந்தக் கடிதத்தைத் தீர்ப்பாயத்தின் முன் வைப்போம். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். குரலில் கோபமோ மிரட்டலோ இல்லை. அப்போது எனக்கு அதன் பயன் விளங்கவில்லை, வட்டியை ஏன் இப்போதே விட்டுக்கொடுக்கிறோம் என்று அண்ணனும் வருத்தப்பட்டார். அது விட்டுக்கொடுத்தது அல்ல, ஒரு கோட்டைக் கிழித்தது என்பது செப்டம்பரில்தான் புரிந்தது. மார்ச் 15 என்ற கோட்டுக்கு முன்னால் ஆன செலவு ரூ.25,000, பின்னால் ஆனது முழுவதும் அவர்கள் பிடிவாதத்தின் விலை என்று ஒரே தாளில் காட்ட முடிந்தது.

சட்டத்தின் நிலை தெரிந்தால்தான் அந்தத் தாளின் அருமை புரியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தோற்றவர் செலவு தர வேண்டும் என்ற பொதுவான போக்கைக் கொண்டது, அப்படித் தரவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். பெயரளவுக்கு அல்லாமல் நியாயமாக உண்மையில் ஆன செலவையே தர வேண்டும், வழக்குக்காகச் செலவழித்த நேரம், பயணம், தங்குமிடம் ஆகியவையும் அதில் சேரும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில்தான் என்பது நமக்கு நெருக்கமான செய்தி. ஆனால் நிறுவனச் சட்டத்தின் 424ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது அல்ல, இயற்கை நீதியே அதற்கு வழிகாட்டி. செலவு விதிக்கும் அதிகாரம் அதன் விதிகளில் இருக்கிறது என்றாலும், அது அதன் விருப்புரிமை. இதற்குமேல், முழு விசாரணை நடக்காத வழக்கில் ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்றே முடிவாகியிருக்காது. அசலைக் கட்டிவிட்டு, இனி இந்த மனுவுக்கு வேலை இல்லை என்று எதிர்த்தரப்பு சொன்னால், மனுவைத் திரும்பப் பெற அனுமதித்து ஒரே வரியில் உத்தரவு முடிந்துவிடும். செலவைக் கேட்காதவருக்கு அந்த வரியில் இடமில்லை. இன்னும் சொல்லப்போனால், உரிமையியல் நீதிமன்றத்தில் அனுமதி பெறாமல் வழக்கைக் கைவிடுகிற வாதியே எதிர்த்தரப்புச் செலவுக்குப் பொறுப்பாகலாம் என்பது பழைய விதி. பணம் வந்துவிட்டதே என்று அவசரமாகத் திரும்பப் பெறுவதில் இப்படியும் ஒரு பள்ளம் இருக்கிறது.

மனு ஏப்ரலில் தாக்கலானது. 2022 ஜூன் திருத்தத்துக்குப் பிறகு ஜி.எஸ்.டி.ஆர்.-1, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி ஆகிய வரிக் கணக்குப் படிவங்களின் நகல்களும், சரக்கை லாரியில் அனுப்பும்போது எடுக்கும் இ-வே பில்களும் மனுவோடு சேர வேண்டும். 17 பில்களுக்கும் இவற்றைத் தேடி எடுக்க எங்கள் கணக்கருக்கு இரண்டு வாரம் பிடித்தது. அலுவலகத்தின் இளைய வழக்கறிஞர் ஒருவர் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தாள் முகப்பு ஒட்டி, பில் எண், லாரி எண், இ-வே பில் எண், வரிப் படிவத்தில் எந்த மாதம் என்று எழுதிக் கோத்திருந்தார். அந்தக் கோப்பைப் பார்த்தபோது நான்கு ஆண்டு வணிகத்தில் எங்கள் சொந்த அலுவலகத்திலேயே இவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை என்று அண்ணன் சொன்னார்.

மூன்று விசாரணை நாட்கள் வழக்கமான நடைமுறையில் போயின. ஆகஸ்ட் இறுதியில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு அவகாசம் கேட்டது. அதற்குள் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு ஒரு குறிப்பு வந்தது. மனு ஏற்கப்படுவதற்கு முன் முடித்துக்கொள்வதற்கும், ஏற்கப்பட்ட பின் முடித்துக்கொள்வதற்கும் செலவில் என்ன வேறுபாடு என்பதை விளக்கும் குறிப்பு அது. ஏற்புக்கு முன் என்றால் விண்ணப்ப விதிகளின் 8ஆம் விதிப்படி மனுதாரர் கேட்டாலே திரும்பப் பெறலாம். ஏற்கப்பட்டுவிட்டால் அந்த நிறுவனத்தின் நிர்வாகத்தை ஏற்று நடத்த இடைக்காலத் தீர்வு நிபுணர் நியமிக்கப்படுவார், அவருடைய கட்டணத்தையும் செலவையும் முதலில் மனுதாரர்தான் ஏற்க வேண்டும். கடன் கொடுத்தோர் குழு பின்னால் ஒப்புக்கொள்ளும் அளவுக்குத்தான் அது திரும்பி வரும். அந்தக் குழு அமைந்துவிட்டால் 12ஏ பிரிவின்படி 90 சதவீத ஓட்டு இல்லாமல் திரும்பப் பெற முடியாது. அதுவரை ஆன செலவுக்கு வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள். குழு அமையும் முன்பு திரும்பப் பெற 2019இல் ஸ்விஸ் ரிப்பன்ஸ் தீர்ப்பு ஒரு வழி காட்டியிருந்தாலும், அதையும் உரிய நடைமுறைப்படியே செய்ய வேண்டும். எங்கள் வழக்கு முடிந்த அடுத்த மாதமே, 2024 அக்டோபரில், பைஜூஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்தமாகச் சொன்னபோது அந்தக் குறிப்பை எடுத்து மறுபடியும் படித்தேன். தீர்வு நிபுணரின் கட்டணத்தைக் காரணம் சொல்லாமல் ஒட்டுமொத்தமாக நிர்ணயித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்காமல் 2022 ஜனவரியில் திருப்பி அனுப்பிய வழக்கும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. அந்தக் கட்டத்துக்குப் போனால் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்வதே கடினம் என்பதற்காக அதைச் சேர்த்திருந்தார்கள்.

செப்டம்பர் விசாரணைக்கு அண்ணனும் நானும் சேரன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். ராஜாஜி சாலையில் உள்ள கார்ப்பரேட் பவன் மூன்றாவது மாடி. எங்கள் வழக்கு பட்டியலில் 37ஆவது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அசலை மூன்று தவணையில் தருவதாகவும், மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்றும், செலவு எதுவும் தர இயலாது என்றும் சொன்னார். அண்ணன் என் காதருகே குனிந்து, பின்னால் நின்ற இளைய வழக்கறிஞரிடமும் கேட்கும்படி, "ஏனுங்க மேடம், அசல் வந்தாப் போதுமுங்க, செலவை விட்ருங்க" என்றார். அந்தப் பெண், "கொஞ்சம் பொறுங்க சார், பேப்பர் கையில இருக்கு" என்று மட்டும் சொன்னார். மூத்தவர் எழுந்து, இரண்டு பக்கச் செலவுக் குறிப்பையும் பிப்ரவரிக் கடிதத்தையும் நீட்டினார்.

அந்தக் குறிப்பில் இருந்தவை: வழக்கறிஞர் கட்டணம் அறிவிப்புக்கு 25,000, மனுவுக்கு 1,25,000, நான்கு விசாரணைக்கு 60,000, தீர்ப்பாயக் கட்டணம் 2,000, நகல், பைண்டிங், உறுதிமொழிப் பத்திரம், கூரியர் 11,400, எங்கள் பயணம் 9,850. ஆக மொத்தம் ரூ.2,33,250. ஒவ்வொன்றுக்கும் ரசீது பின்னால் கோக்கப்பட்டிருந்தது, எங்கள் ரயில் டிக்கெட் உட்பட. முந்தைய வாரம் நான் அனுப்பிய பட்டியலில் ரிவர்ஸ் சார்ஜில் கட்டிய ரூ.37,800 வரியும் இருந்தது. அதை அவர் அடித்துவிட்டார். அந்த வரி எங்களுக்கு உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைத்துவிடுகிறது, திரும்ப வரும் பணத்தைச் செலவு என்று கேட்டால் மற்ற எண்களின் மீதும் சந்தேகம் விழும் என்பது அவர் சொன்ன காரணம். எங்களுக்குச் சாதகமாகத் தோன்றிய ஒரு தொகையை எங்கள் வழக்கறிஞரே வெட்டியது அன்று சற்று உறுத்தியது. அமர்வின் முன் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறிப்பைப் புரட்டிப் பார்த்து ஆட்சேபிக்க ஓர் எண்ணைத் தேடியபோது, அது கிடைக்காமல் போனதை நேரில் கண்டேன்.

அமர்வு செலவைப் பற்றி உத்தரவு எதுவும் போடவில்லை. இரு தரப்பும் மதியத்துக்குள் பேசிவிட்டு வரட்டும் என்று வழக்கைப் பாஸ் ஓவர் செய்தது, அதாவது அன்றே பின்னால் எடுத்துக்கொள்வதாகத் தள்ளிவைத்தது. எல்லாம் சேர்ந்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே நடைபாதையில் பேச்சு தொடங்கியது. எதிர்த்தரப்பு ரூ.50,000 என்றது. எங்கள் தரப்பு, பேச்சு முறிந்தால் செலவை மட்டும் தனியாக வாதாடத் தயார், கடிதம் ஆவணத்தில் இருக்கிறது என்று அமைதியாகச் சொன்னது. அரை மணி நேரத்தில் ரூ.1,75,000இல் முடிந்தது, கேட்டதில் நான்கில் மூன்று பங்கு. முழுத் தொகைக்காகத் தனியாக வாதாடலாமா என்று நான் கேட்டபோது, இன்னும் இரண்டு விசாரணை ஆனாலே ரூ.30,000 போகும், கிடைப்பது உறுதியும் அல்ல என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சரியாகவே பட்டது.

சமரசப் பத்திரத்தில் இரண்டு நுணுக்கங்களை அவர்கள் வற்புறுத்தினார்கள், இரண்டும் பயனளித்தன. செலவுத் தொகை முதல் தவணையான 40 லட்சத்தோடு சேர்ந்தே வர வேண்டும் என்பது ஒன்று. கடைசித் தவணையில் ஒட்டிவைத்தால் அதுதான் முதலில் காணாமல் போகும் என்றார்கள். தவணை தவறினால் அதே மனுவை உயிர்ப்பிக்கும் உரிமை தீர்ப்பாய உத்தரவிலேயே பதிவாக வேண்டும் என்பது மற்றது. சமரச ஒப்பந்தத்தை மீறியதால் நிற்கும் பாக்கி செயல்பாட்டுக் கடன் ஆகாது என்று சில அமர்வுகள் கூறியிருப்பதால், உயிர்ப்பிக்கும் உரிமை இல்லாமல் திரும்பப் பெற்றால் புதிய மனுவுக்கு வழி இல்லாமல் போகலாம். அக்டோபர் 15இல் 40 லட்சமும், நவம்பர் 30இல் ரூ.32,40,000உம், மற்றொரு தவணையாக மீதி 40 லட்சமும் வந்து சேர்ந்தன. இரண்டாம் தவணை இரண்டு நாள் தாமதமானபோது உத்தரவின் அந்த வரியைச் சுட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பியதே போதுமானதாக இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லா வரைவுகளும் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தன. தமிழில் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார்கள் என்றாலும், கையெழுத்துப் போடுகிற அண்ணன் தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்பதை என் வாய்ச்சொல்லை நம்பித்தான் அறிய முடிந்தது. உறுதிமொழிப் பத்திரத்துக்காவது ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அவர்களிடமே எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் கோப்பைப் பார்த்துக்கொண்ட இளைய வழக்கறிஞர்கள் எட்டு மாதத்தில் மூன்று முறை மாறினார்கள். ஒவ்வொரு முறையும் அந்த 42 வார்ப்புகளின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. காணொளி விசாரணைக்கான இணைப்பு ஒருமுறை பட்டியல் தொடங்கிய பின்புதான் எங்களுக்கு வந்தது. இதர செலவு ரூ.11,400 முதலில் ஒற்றை வரியாகத்தான் பில்லில் இருந்தது. ரசீதுகளை நாங்கள் கேட்ட பிறகே அனுப்பினார்கள். மற்ற எல்லாவற்றிலும் ரசீதுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிற அலுவலகம் இதைக் கேட்காமலே தந்திருக்க வேண்டும். கட்டணமும் சிறு தொழில்காரருக்கு இலேசானது அல்ல. சமரசத்தில் வந்த ரூ.1,75,000 போக, எங்கள் கையிலிருந்து ரூ.58,250 போனது. முந்தைய அலுவலகத்தில் இழந்த அறுபதாயிரம் அதற்கு மேல். வட்டி ஒரு ரூபாயும் வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவர்களிடம் மறுபடி போவேனா என்றால், தயங்காமல் போவேன். ஒரு கோடிக்கு மேல் நிலுவை, பில்லும் இ-வே பில்லும் சீராக இருக்கிறது, எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வரக்கூடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இத்தகைய அலுவலகம் பொருத்தமானது. முதல் சந்திப்புக்குப் போகும்போது பில்களோடு, சரக்கின் தரம் பற்றி எதிர்த்தரப்பு எழுதிய ஒவ்வொரு மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் செய்தியையும் எடுத்துச் செல்லுங்கள். நமக்குப் பாதகமானவையே அங்கே முதலில் படிக்கப்பட வேண்டியவை. கட்டணம் பேசும்போது, வழக்கு பாதியில் சமரசமானால் செலவை எப்படிக் கேட்பீர்கள், அதற்கு இன்றிலிருந்து நான் எதை எடுத்துவைக்க வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

இந்த ஆண்டு தொடக்கத்தில் எங்கள் பக்கத்துத் தொழிற்கூடக்காரரை அண்ணன் அங்கே அனுப்பிவைத்தார். அவருக்கு வர வேண்டியது 62 லட்சம். அரை மணி நேரம் கோப்பைப் பார்த்துவிட்டு, ஒரு கோடி வரம்புக்குள் இருப்பதால் இந்தச் சட்டத்தில் மனுவே நிற்காது, சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு இருப்பதால் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போங்கள், அதற்கு என்னென்ன தாள் வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்து, ஆலோசனைக் கட்டணமாக ரூ.3,000 மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ரசீதைக் கேட்காமலே கொடுத்தார்களாம்.